ஸ்கொட்லாந்தைப் பிரியவிடாத பிள்ளை

1

ஸ்கொட்லாந்து பிரிய வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வியால் ஸ்கொட்லாந்தில் எத்தனை வீடுகளில் சண்டை வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒஸ்லோவின் தெற்கு ஓரத்தில், பியோர்ண்டாலில், எங்கள் வீட்டில் வந்தது. புட்டு ஆறிக் கல்லாகும் அளவுக்கு வந்தது.

ஊரில் இருந்து நீங்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விகள். குளிர் எப்படி? பிள்ளை தமிழ் கதைக்கிறாளா? குளிர் குளிராகத்தான் இருக்கிறது. பிள்ளை கதைக்கிறாள், அவள் கதைப்பதுதான் இப்போது பிரச்சினை.

ஆரணிக்குப் பதினேழு வயது. இங்கேயே பிறந்தவள். கணக்குப் போடுவது நோர்வேஜிய மொழியில், பசி வந்தால் தமிழில். இவர், அதாவது என் கணவர் சபேசன், தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை. வேலை நேரத்தில் உலகத்தின் கடிதங்களைப் பிரிப்பார். மிச்ச நேரத்தில் உலகத்தின் நாடுகளைப் பிரிப்பார். எந்த மூலையில் எந்தச் சனம் தனிநாடு கேட்டாலும் எங்கள் வரவேற்பறையில் அன்றைக்கே அங்கீகாரம் கிடைத்துவிடும். நான் பாலர் பாடசாலையில் உதவியாளர். பனிக்காலத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் குளிர் உடுப்புப் போட்டு முடிக்கும் நேரம், முதலில் போட்ட பிள்ளைக்கு மூத்திரம் வரும். என்னுடைய அரசியல் அவ்வளவுதான்.

இந்த வருடம், அதாவது இரண்டாயிரத்து ஏழு, மே மாதம் ஸ்கொட்லாந்துத் தேர்தலில் தனிநாடு கேட்கிற கட்சி ஒரேயொரு ஆசனத்தால் முந்தியது. அன்று இவர் என்னைக் கேசரி கிண்டச் சொன்னார். ரவை இருந்தது, கிண்டினேன். கோடை முடிய, புதிய அரசாங்கம் பிரிவதைப் பற்றிச் சனத்தோடு பேசப்போகிறோம் என்று அறிவித்தது. அதே கிழமை இங்கே பள்ளிக்கூடங்கள் தொடங்கின. இந்த இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார் கண்டது?

ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் ஆரணி சொன்னாள்.

"எங்களுக்கு ஸ்கூலிலை டெபாட் இருக்கு. ஸ்கொட்லாந்து தனிநாடாகவேணுமோ எண்டு. அப்பா அம்மா எல்லாரும் வரலாம்."

இவருடைய முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். எங்கள் கலியாணப் படத்தில்கூட இவர் அப்படி இல்லை.

"நான் சொல்லித்தாறன் பிள்ளை. முதலிலை ஆயிரத்து எழுநூற்று ஏழிலை இருந்து தொடங்கவேணும். அப்பதான் அவங்களை இங்கிலாந்தோடை சேர்த்தவங்கள்."

"அப்பா, நான் நெய் பக்கம்."

நோர்வேஜிய மொழியில் இல்லை, வேண்டாம் என்பதற்கு நெய் என்பார்கள். எங்கள் வீட்டில் அதுவரை நல்ல பெயரோடு இருந்த சொல்.

"எந்தப் பக்கம்?"

"நெய். பிரியவேண்டாம் எண்டு கதைக்கிற பக்கம். லாரர் சீட்டுக் குலுக்கிப் போட்டவ."

லாரர் என்றால் ஆசிரியை. இவர் புட்டுக்குள் வைத்த கையை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"இஞ்சரும், இவள் என்ன சொல்லுறாள் எண்டு கேட்டனீரே?"

"கேட்டனான். கறியைப் போட்டுச் சாப்பிடுங்கோ."

"என்ரை மகள் மேடையிலை ஏறி, ஒரு சனத்துக்கு நாடு வேண்டாம் எண்டு கதைக்கப்போறாளாம். நீர் கறியைப் போடு எண்டுறீர்."

2

இந்த இடத்தில் கலத்தை அறிமுகப்படுத்த வேண்டும். கலம் என்பது ஆளின் பெயர். பாத்திரமா என்று சிரிக்க வேண்டாம். நாங்கள் சிரித்து முடித்துவிட்டோம். ஸ்கொட்லாந்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், செம்பட்டை மீசை. ஒரு நோர்வேக்காரியைக் காதலித்து இந்த நாட்டுக்கு வந்தார். காதல் போய்விட்டது, அவர் நின்றுவிட்டார். எங்கள் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளி வீடு. இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் குளியலறைக்கு மாபிள் பதிக்க வந்தவர்.

கலத்தின் ஆங்கிலம் இவருக்குப் பிடிபடாது, ஆகவே இவருக்கும் கலத்துக்கும் பொது மொழி நோர்வேஜிய மொழி. இரண்டு பேருக்கும் அது சரியாக வராது. இவர் பேசினால் கலத்துக்குப் பாதி விளங்கும், கலம் பேசினால் இவருக்குப் பாதி விளங்கும். விளங்காத பாதியை இரண்டு பேரும் தங்களுக்குப் பிடித்த மாதிரி நிரப்பிக்கொள்வார்கள். நல்ல சிநேகிதம் இப்படித்தான் வளர்கிறது போலும்.

வேலை முடிந்த அன்று தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு இவர் கேட்டார், ஸ்கொட்லாந்துக்காரனாக இருப்பது எப்படி என்று. கலம் சாந்துக் கரண்டியைத் துடைத்துக்கொண்டே, "செல்ஸ்தெண்டி. அதைவிட நல்லது உலகத்திலை இல்லை. ஒருத்தனுக்குக் கீழையும் இருக்கக்கூடாது" என்றார். செல்ஸ்தெண்டி என்றால் சுதந்திரமாக, தன் காலில் நிற்பது. இவர் எழுந்து போய் அந்தச் சாந்துக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றிலிருந்து மாதத்தில் ஒருநாளாவது ஆட்டிறைச்சிக் கறியுடன் எங்கள் வீட்டில் கலத்துக்குச் சாப்பாடு. அவர் தங்கள் ஊரில் ஆட்டுக் குடலுக்குள் என்னென்னவோ அடைத்து அவிப்பதைப் பற்றிச் சொல்ல, இவர் "எங்கடை ஆக்கள்தான்" என்று தீர்மானித்தார்.

இன்னொரு ஆதாரமும் இவரிடம் இருந்தது. எங்கள் குடியிருப்பில் உள்ள நோர்வேக்காரர் பலருக்குக் கலம் "அந்த இங்கிலீஷ்காரன்". இந்தச் சொல் காதில் விழுந்தால் கலம் மீசைவரை சிவந்துவிடுவார். குப்பை போடுகிற இடத்தில் ஒரு மனிதரை நிறுத்தி வைத்து, இங்கிலாந்து வேறு ஸ்கொட்லாந்து வேறு என்று அவர் பாடம் எடுத்ததை நானே கண்டிருக்கிறேன். எங்களை இந்தியர் என்று யாராவது சொன்னால் இவரும் அதே இடத்தில், அதே குரலில் பாடம் எடுப்பார். குப்பை வாளிகளுக்குக் காது இருந்தால் இந்நேரம் இரண்டு நாட்டுச் சரித்திரமும் பாடமாகியிருக்கும்.

ஆகவே ஆரணியின் தலையைத் திருத்த இவர் கண்ட வழி, கலத்தைச் சாப்பிடக் கூப்பிடுவது.

3

கலம் வந்தார், சாப்பிட்டார், வேர்த்தார். நடந்த பேச்சை எனக்கு வந்த தமிழில் தருகிறேன். நோர்வேஜிய மொழியில் மரியாதைக்கு நீங்கள் என்று வேறாக ஒருவரும் சொல்வதில்லை. சின்னப் பிள்ளையும் பிரதம மந்திரியும் நீதான்.

"கலம், இவளுக்குச் சொல்லு, ஸ்கொட்லாந்து ஏன் பிரியவேணும் எண்டு."

கலம் எலும்பை உறிஞ்சி முடித்தார். "பிரியவேண்டாம்" என்றார்.

இவர், கலத்துக்கு மொழி பிழைத்துவிட்டது என்று நினைத்தார். "நீ நெய் எண்டு சொல்லிப்போட்டாய். யா எண்டு சொல்லவேணும்."

"இல்லை. நெய்தான்."

"அண்டைக்குக் குளியலறையிலை செல்ஸ்தெண்டி எண்டு சொன்னாயே."

"நான் செல்ஸ்தெண்டிதான். என்ரை கொம்பனி, என்ரை வான். மேலை முதலாளி எண்டு ஒருத்தனும் இல்லை."

முதலில் ஆரணிக்குத்தான் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். நோர்வேஜிய மொழியில் செல்ஸ்தெண்டி என்றால் சுதந்திர நாடு என்றும் வரும், சொந்தத் தொழில் செய்கிற ஆள் என்றும் வரும். கலம் இரண்டு வருடங்களாக எங்கள் வீட்டில் சாப்பிட்டது தன்னுடைய வரி இலாகாப் பதிவுக்காக.

எனக்கும் சிரிப்பு வந்தது. இவரைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"உன்னை இங்கிலீஷ்காரன் எண்டால் கோவம் வருது. ஆனா பிரியவேண்டாமாம். இது என்ன கதை?" என்று இவர் கேட்டார்.

கலம் நிதானமாகச் சொன்னார். அவருடைய தாய் எல்லைக்கு அந்தப் பக்கத்து இங்கிலாந்துக்காரி. அக்கா கலியாணம் முடித்து அங்கேதான் இருக்கிறார். தம்பி ஸ்கொட்லாந்தில், அவன் தனிநாடு கேட்கிற கட்சிக்கு வீடு வீடாகப் போய்த் துண்டுப்பிரசுரம் கொடுக்கிறவன். அண்ணனும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் இதைப் பற்றிச் சண்டை பிடிப்பார்கள். களைத்த பிறகு உதைபந்தாட்டத்தைப் பற்றிக் கதைப்பார்கள். "நான் ஸ்கொட்லாந்துக்காரன் எண்டு எனக்குத் தெரியும். அதுக்கு எனக்கு ஒரு தனிப் பாஸ்போட் தேவையில்லை" என்று முடித்தார்.

"எங்களுக்குத் தேவைப்பட்டது" என்றார் இவர்.

குரல் உயரவில்லை. "நீ ஆர் எண்டு உனக்குத் தெரிஞ்சால் காணும். எங்களை ஆமிக்காரங்கள், ஆர் எண்டு அடையாள அட்டையைப் பார்த்துத்தான் பஸ்ஸாலை இறக்கினவங்கள். என்ரை கூட்டாளி ஒருத்தன் இறங்கினவன். பஸ் வெளிக்கிட்டிட்டுது. அவன் ஏறேல்லை."

இந்தக் கதையை எனக்கு ஒருதரம் சொல்லியிருக்கிறார். ஆரணிக்குச் சொன்னதில்லை. குசினி வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

கலம் கரண்டியை வைத்துவிட்டார். "நான் உன்ரை நாட்டைப் பற்றிச் சொல்லேல்லை, சபேசன். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என்ரை அம்மாவின்ரை வீட்டைப் பற்றித்தான் சொன்னனான்."

இவர் தலையை ஆட்டினார். ஆனால் கலம் வெளிக்கிட்டபோது வாசல்வரை போகவில்லை. நான்தான் போனேன். மிச்சக் கறியைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். கொள்கை வேறு, கறி வேறு.

4

அதற்குப் பிறகு ஆரணி பள்ளிக்கூடம் முடிந்து நேரே கலம் வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். அவரிடம் நெய்க்கான நியாயங்களைப் படித்தாள். தொலைபேசியில் தம்பியைப் பிடித்து, எதிர்ப் பக்கத்து நியாயங்களையும் படித்தாள். கலமும் இவரும் றோட்டில் எதிர்ப்பட்டால் காலநிலை பற்றி மட்டும் பேசினார்கள். பியோர்ண்டாலில் காலநிலை அவ்வளவு அதிகம் இல்லை.

பிறகு தேவன் அண்ணையின் தொலைபேசி வந்தது. தேவன் அண்ணை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர். இவர் அங்கே எட்டாம் வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறார். தபால் நிலையத்தில் இவர் ஒரு இலக்கம். சனிக்கிழமை காலையில் மட்டும் மாஸ்டர். அந்தச் சொல்லுக்காக இவர் காய்ச்சலோடும் போவார். தேவன் அண்ணையின் மகன் கஜன், ஆரணியின் வகுப்பு. அவனுக்குச் சீட்டில் யா விழுந்திருந்தது.

"தங்கச்சி, உங்கடை பிள்ளை தனிநாடு வேண்டாம் எண்டு கதைக்கப்போகுதாம் எண்டு கேள்விப்பட்டன்."

"ஓம் அண்ணை. ஸ்கொட்லாந்துக்கு."

"எந்த நாடெண்டால் என்ன தங்கச்சி. ஊர் இப்ப இருக்கிற நிலையிலை, நாலு சனம் கேட்டால் என்ன நினைக்கும்? மாஸ்டர் எங்கடை பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறவர். வீட்டிலை என்ன படிப்பிக்கிறார் எண்டு கேக்கமாட்டினமே?"

அண்ணை கெட்டவர் இல்லை. ஊரில் மீண்டும் யுத்தம் தொடங்கியிருந்த நேரம். எல்லோருடைய வீட்டிலும் தொலைபேசி அடித்தால் எடுக்க யோசிக்கிற நேரம். ஆனாலும் ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர்கூடக் கேட்காத கணக்கை எங்கள் பிள்ளை ஏன் ஒப்புவிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "இவரிட்டைச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன்.

இவர் மகளிடம் முதலில் கெஞ்சினார். அன்றைக்குத் தலையிடி என்று படுக்கச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். அதனால் பள்ளிக்கூடத்துக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

ஆசிரியை இளம் பெண். ஆரணியையும் கூப்பிட்டு, இந்த நாட்டு வழக்கப்படி எங்களை மெழுகுதிரி ஏற்றிய மேசையில் இருத்தி, கோப்பி ஊற்றினார். மகளைப் பக்கம் மாற்ற முடியுமா என்று இவர் கேட்டார். சீட்டு எல்லோருக்கும் பொது, காரணம் இல்லாமல் மாற்ற முடியாது என்றார் ஆசிரியை. காரணம் என்ன?

இவருக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழி அந்தக் காரணத்துக்குப் போதவில்லை. எந்த மொழி போதும்?

ஆசிரியை உதவிக்கு வந்தார். தலையைச் சரித்து, குரலை மெத்தையாக்கி, "இது பண்பாட்டுக் காரணமா?" என்று கேட்டார். அப்படியென்றால் ஆரணியை முற்றாகவே விட்டுவிடலாம், புள்ளி குறையாது, பள்ளிக்கூடம் மதிக்கும் என்றார்.

இவர் "ஓம்" என்று சொல்ல வாய் திறந்தார். ஆரணி முந்திக்கொண்டாள். ஆசிரியைக்கு நோர்வேஜிய மொழியில் சொன்னதை எங்களுக்குத் தமிழிலும் சொன்னாள்.

"எனக்குப் பண்பாடு ஒண்டும் காய்ச்சல் இல்லை, லீவு எடுக்க. சின்ன வயசிலை இருந்து சொசேஜ் சாப்பிடாட்டில் பண்பாடு, ஸ்கூல் காம்புக்குப் போகாட்டில் பண்பாடு. இப்ப வாயைத் திறந்தாலும் பண்பாடோ? நான் கதைக்கப்போறன்."

வீட்டுக்கு வரும் பஸ்ஸால் இறங்கும்போது இவர், "இவள் உம்மைப் போலை" என்றார். பாராட்டா, குற்றச்சாட்டா என்று நான் விசாரிக்கவில்லை.

5

விவாத நாள் பின்னேரம் பள்ளிக்கூட மண்டபம் பெற்றோரால் நிறைந்தது. தேவன் அண்ணையும் அவருடைய மனைவி ராணி அக்காவும் எங்களுக்கு முன்வரிசை. கலம் ஸ்கொட்லாந்து ஆண்கள் கட்டுகிற குட்டைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். "அவள் கூப்பிட்டவள், மரியாதைக்குக் கட்டினனான்" என்றார். முழங்கால் இரண்டும் குளிரில் பச்சை இறைச்சி மாதிரிச் சிவந்திருந்தன. நெய்காரர் நாட்டு உடுப்போடு வந்ததைப் பார்த்து இவர் மீண்டும் குழம்பினார்.

கஜன் நன்றாகப் பேசினான். எண்ணெய் இருக்கிறது, கடல் இருக்கிறது, சின்ன நாடான நோர்வே தனியாக நின்று எப்படி வாழ்கிறது பாருங்கள் என்றான். நோர்வேக்காரர் எல்லோரும் தங்களுக்கே கைதட்டிக்கொண்டார்கள். இவரும் தட்டினார்.

ஆரணி எழுந்தாள். எங்கள் பிள்ளை மேடையில் இவ்வளவு உயரமா என்று நினைத்தேன். அவள் பேசியது இதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்தில் நோர்வே சுவீடனை விட்டுப் பிரிய வாக்கெடுப்பு நடந்தது. ஆண்களுக்கு மட்டும்தான் வாக்கு. பெண்கள் தாங்களாகக் கையெழுத்துச் சேர்த்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் பிரிய வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று போட்டவர்கள் நாடு முழுக்க இருநூறு பேர்கூட இல்லை. "அவர்களுக்கு மறுநாள் என்ன நடந்தது என்று ஆசிரியையிடம் கேட்டேன். தெரியாது என்றார். புத்தகங்களிலும் தேடினேன், இல்லை. ஒன்றும் நடக்கவில்லை, அதனால்தான் எழுதவில்லை. வேண்டாம் என்று சொன்னவர்களும் மறுநாள் நோர்வேக்காரர்தான். நாங்கள் பெருமைப்பட வேண்டியது அதற்குத்தான்."

பிறகு, தனக்குத் தெரிந்த ஒரு அண்ணனும் தம்பியும் இதே கேள்விக்காக ஒவ்வொரு ஞாயிறும் சண்டை பிடித்து, பிறகு பந்தாட்டம் பேசுகிறார்கள் என்றாள். "ஒரே வீட்டில் இருந்துகொண்டே இப்படிச் சண்டை பிடிக்க முடிகிறதென்றால், அந்த வீட்டைப் பிரிக்க என்ன அவசரம்? எல்லா வீடும் அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். என் அப்பா பிறந்த வீடு அப்படி இல்லை. ஆனால் அது வேறு கேள்வி. அதை இன்றைக்கு இங்கே யாரும் என்னிடம் கேட்கவில்லை."

முடிவில் கை உயர்த்தி வாக்கெடுப்பு. பெற்றோருக்கும் உண்டு. நெய்க்கு முதலில். மேடையில் இருந்தவர்கள் சிலர், கலம், நான். இன்னும் அங்கொன்றும் இங்கொன்றும். முன்வரிசையில் ஒரு கை, வளையல் சத்தத்தோடு, மெதுவாக மேலே போனது. ராணி அக்கா. தேவன் அண்ணை அந்தக் கையைப் பார்த்தார், பிறகு அது யாருடையது என்று உறுதிப்படுத்த முகத்தைப் பார்த்தார். அக்கா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாவுக்குக் கை கேட்டபோது மண்டபம் காடாக எழுந்தது. இவருடைய கையும் எழுந்தது. நேராக, முழங்கை மடங்காமல், மகள் காணும்படி. ஆரணி கண்டாள். கோபம் வரவில்லை அவளுக்கு. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

வாகனத் தரிப்பிடத்தில் கலம் இவருக்கு முன்னால் வந்து நின்றார்.

"நீ என்ரை நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கிக் குடுத்திட்டாய். நான் தோத்துப்போனன்" என்றார்.

"உனக்கு நல்லதுக்குத்தான்" என்றார் இவர்.

"என்ரை தம்பிக்குச் சொல்லவேணும். அவன் என்னை விட்டிட்டு உன்னைத் தமையனா எடுப்பான்."

இவர் சிரித்தார். பிறகு கலத்தின் முழங்காலைப் பார்த்து, "காருக்குள்ளை ஏறு, விறைச்சுச் சாகப்போறாய்" என்றார். அதோடு அந்தப் பக்கத்துச் சண்டை முடிந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கலத்தின் தம்பியும் இவரும் தொலைபேசியில் அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு நாட்டை உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் கலம் காதைப் பொத்திக்கொண்டு கறி சாப்பிடுகிறார்.

6

மற்றப் பக்கம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. மண்டபத்தில் இருந்த எங்கள் ஆட்கள் சிலருக்கு ஆரணியின் வேகமான நோர்வேஜிய மொழி பிடிபடவில்லை. பிடிபடாததை அவரவர் நிரப்பிக்கொண்டார்கள். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில், நான் குளிர்ச் சப்பாத்துப் பார்த்துக்கொண்டு நின்றபோது, தெரிந்த பெண்மணி ஒருவர் வந்து, "உங்கடை மகள் நாடு கேக்கிறவையெல்லாம் விசரர் எண்டு சொன்னவவாமே" என்றார். அடுத்த கிழமை துரொண்ட்ஹெய்மில் இருந்து இவருடைய மச்சான் தொலைபேசி எடுத்தார். கதை அங்கே போய்ச் சேர்வதற்குள் ஆரணி சிங்களக் கொடியை ஆட்டியிருந்தாள்.

தேவன் அண்ணை மிகவும் மரியாதையாகப் பேசினார். "மாஸ்டர், கொஞ்ச நாளைக்கு ஓய்வெடுங்கோ. எட்டாம் வகுப்பை வேறை ஆள் பார்க்கட்டும்."

இவர் "ஓம் அண்ணை" என்றார். அந்தச் சனிக்கிழமை குளிர்சாதனப் பெட்டியைக் கழுவினார். அடுத்த சனிக்கிழமை என் மிளகாய்த்தூள் போத்தல்களையெல்லாம் உயரப்படி அடுக்கினார். எனக்கு ஒன்றும் எடுக்க வரவில்லை, ஆனால் திட்டவும் மனம் வரவில்லை. உலகத்துக்கெல்லாம் நாடு கொடுத்தவரிடம் ஒரு வகுப்பைப் பறித்துவிட்டார்கள்.

ஆரணி இரண்டு சனிக்கிழமை இதைப் பார்த்தாள். மூன்றாவது சனிக்கிழமை மேசையில் தாளை வைத்தாள்.

"அப்பா, நான் கதைச்சதைத் தமிழிலை எழுதித் தாங்கோ. நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கோ. நான் சொன்னது என்ன எண்டு அவையளுக்கு நான் வாசிச்சுக் காட்டுறன்."

"நீ சொன்னது எனக்குப் பிடிக்கேல்லை."

"தெரியும். கையைத் தூக்கினதைப் பார்த்தனான். எழுதித் தாங்கோ."

அவர் எழுதினார். நான் அரிசி களைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் வேண்டா வெறுப்பாக எழுதினார். பிறகு, ஒரு வசனம் நொண்டுகிறது என்று வெட்டினார். இன்னொன்று பலம் போதாது என்று மாற்றினார். பாதியில், "இப்பிடிச் சொன்னால் எதிர்ப் பக்கத்துக்காரன் மடக்கிப்போடுவான்" என்று மகளுக்காகத் தனக்கெதிராகவே ஒரு நியாயத்தைச் சேர்த்தார். நெய் பக்கத்துக்கு அவ்வளவு நல்ல தமிழ் கிடைத்ததை ஸ்கொட்லாந்து அறியாது.

அந்த இருநூறு பேரில் வந்து நின்றார்கள். வேண்டாம் என்று போட்டவர்களை என்ன சொல்வது? இவர் 'எதிர்த்தவர்கள்' என்று எழுதினார்.

"எதிரி எண்டு வருதே" என்றாள் ஆரணி.

'மறுத்தவர்கள்' என்றார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். இவருக்கு வேறு ஒரு சொல் வாய்வரை வந்ததை நான் கண்டேன். எங்கள் ஆட்களிடம் அதற்கு ஒரு சொல் தயாராக இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். அந்தப் பெயர் சூட்டப்பட்டுச் சொந்த ஆட்களாலேயே சுடப்பட்ட சிலரை எங்களுக்கே தெரியும். இவர் அதைச் சொல்லவில்லை. பேனாவை மூடிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியில் பனி ஒன்றும் பெய்யவில்லை, பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. அரிசி களைந்து முடிந்தது, அடுப்பில் வைத்தேன், இவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுதினார். ஆரணி எழுத்துக் கூட்டி வாசித்தாள். "வேண்டாம் என்று சொன்னவர்களும் மறுநாள் நம்மவரே."

"அப்பா, நான் நோர்வேக்காரர் எண்டுதானே சொன்னனான்?"

"தமிழிலை இப்பிடித்தான் வரும்" என்றார்.

தேவன் அண்ணையையும் ராணி அக்காவையும் தேத்தண்ணீருக்குக் கூப்பிட்டோம். அக்கா வடையும் கொண்டு வந்தார். ஆரணி நின்றுகொண்டு வாசித்தாள். சில இடங்களில் தடக்கினாள், தடக்கிய இடத்தில் திரும்ப வாசித்தாள். அண்ணை கோப்பையைக் கையில் வைத்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நம்மவர் என்ற இடத்தில் மட்டும் நிமிர்ந்தார்.

முடிந்ததும் அக்கா வடைத் தட்டை அண்ணையின் பக்கம் நகர்த்தினார்.

"இது ஆர் எழுதினது?" என்று அண்ணை கேட்டார்.

"கதை என்ரை" என்றாள் ஆரணி.

"தமிழ் என்ரை" என்றார் இவர்.

அண்ணை ஒரு வடையை முழுதாகத் தின்று முடித்தார்.

"கருத்துப் பிழை. தமிழ் திறம்" என்றார். பிறகு, வடையின் எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "எட்டாம் வகுப்புக்கு இன்னும் ஆள் கிடைக்கேல்லை. பிள்ளையள் சும்மா இருந்திட்டுப் போகுதுகள்" என்றார்.

இவர் கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நான் யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலையால் வந்ததும் வராததுமாக, சனிக்கிழமைக்கென்று ஒரு சேட் எடுத்து அயனால் மினுக்கி, கதவில் கொழுவிவிட்டார்.